‘அரவை’யின் கருவிப் பட்டியல், ஒரு வரி நீங்கலாக

1

இந்தக் கதை ஒரு மின்னஞ்சலில் இருந்து வந்தது. நெடுநாள் மனதில் ஊறிக்கிடந்து ஒருநாள் பீறிட்டது என்றெல்லாம் சொல்லிக்கொள்ள எனக்கும் ஆசைதான். ஆனால் வந்தது மின்னஞ்சல். அனுப்பியவர் கோயம்புத்தூரில் பொறியியல் படிக்கும் கவியரசன் என்ற மாணவர். சிறிய ஊர்களில் முளைத்து மறைந்த ராக் இசைக்குழுக்கள் என்னென்ன கருவிகளை வைத்து வாசித்தன என்று தேடித் தேடி ஓர் இணையதளத்தில் சேர்த்துக்கொண்டிருக்கிறார். நாங்கள் மூன்று பேர் நடத்திய ‘அரவை’ குழு அவர் கண்ணில் எப்படிப் பட்டதோ தெரியவில்லை. எங்கள் பெயரில் இணையத்தில் இருப்பது ஒரே ஒரு பாட்டு. இதுவரை நானூற்றுப் பதினொரு தடவை அதைக் கேட்டிருக்கிறார்கள். அதில் நூறு தடவை கேட்டது நான்.

கூடவே ஒரு படிவம். கிட்டார், ஆம்ப்ளிஃபயர், டிரம்ஸ், மைக், பெடல், ட்யூனர் என்று ஆறு வரிகள், எதிரே காலியிடம். கள்ளக்குறிச்சியில் எங்கள் சவுண்டு சர்வீஸ் கடையில் உட்கார்ந்தபடி ஐந்து வரிகளை ஒரே மூச்சில் நிரப்பிவிட்டேன். ஆறாவதில் கை நின்றது. மூன்று வாரமாக நிற்கிறது. அந்த ஒரு வரியை எழுதத் துணிவில்லாமல் இத்தனை பக்கம் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

(ட்யூனர் என்பது கிட்டார் கம்பிகளைச் சரியான சுருதிக்கு முறுக்கி வைக்க உதவும் சின்னக் கருவி. தெரிந்தவர்கள் இந்த அடைப்புக்குறியைத் தாண்டிப் போகலாம். தெரியாதவர்கள் கொஞ்சம் நில்லுங்கள், கதையே இதில்தான் இருக்கிறது.)

2

முதலில் எழுதிய தொடக்கம் இது:

“மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலையின் புகைபோக்கிக்கு மேலே ஒரு மேகம்—”

வேண்டாம். மேகத்தில் தொடங்கும் கதைகளை நானே இரண்டாவது வரியில் மூடி வைத்துவிடுவேன்.

இரண்டாவது:

“ஷாலினி பாடுவதை நிறுத்தி எட்டு வருடம் ஆகிறது. அதற்குக் காரணம்—”

இது உண்மை. ஆனால் முதல் வரியிலேயே இப்படிக் காலில் விழுந்தால் நீங்கள் என்னைத் தூக்கிவிட்டு, “பரவாயில்லை எழுந்திருங்க” என்று சொல்லிவிட்டுப் போய்விடுவீர்கள். அவ்வளவு சீக்கிரம் எனக்குப் பரவாயில்லை ஆகக் கூடாது.

ஆகவே பட்டியலையே தொடக்கமாக வைத்துக்கொள்கிறேன். படிவத்தில் இருக்கும் வரிசைப்படி போவோம். பொருட்களைப் பற்றிப் பேசும்போது நான் பொய் சொல்வது கம்மி.

3

கிட்டார்: கறுப்பு நிற எலக்ட்ரிக் கிட்டார், ஒன்று. சென்னையில் வேலை பார்த்த என் அண்ணன் நவுஷாத், அறையைக் காலி செய்துவிட்டுப் போன ஒரு நண்பனிடமிருந்து வாங்கி வந்து என்னிடம் கொடுத்தான். கொடுக்கும்போது, “இது எப்டி வாசிக்கறதுன்னு என்னக் கேக்காத” என்றான். பாதி கிழிந்த ஒரு பாடப் புத்தகமும் உறைக்குள் இருந்தது. வாசித்தது நான், ஃபரீன். பேஸ் கிட்டார் இல்லை. எங்களுக்கு அப்படி ஒன்று உண்டு என்று தெரிந்ததே இரண்டாவது வருடம்தான்.

ஆம்ப்ளிஃபயர்: உமர் சவுண்டு சர்வீஸின் மைக்செட் ஆம்ப்ளிஃபயர், இரண்டு குழாய் ஸ்பீக்கர்களோடு. உமர் பாரூக் என்பது என் அத்தா. கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம், சாவு எல்லாவற்றுக்கும் கள்ளக்குறிச்சியில் பாதிப் பேருக்குக் குழாய் கட்டியவர். மகள் கிட்டாரோடு வந்து நின்றபோது அவருடைய கவலையெல்லாம் வேறு.

“மூர்த்தத்துக்குப் போற செட்டுமா இது. நீங்க பாட்டுக்குக் கத்த வுட்டு ஸ்பீக்கர் காயிலப் பொசுக்கிடாதீங்க.”

பொசுக்கவில்லை. ஆனால் மைக் செருகும் ஓட்டையில் கிட்டாரைச் செருகி முழுச் சத்தத்தில் வைத்தால் ஓசை கிழிந்து கரகரவென்று வரும். பெரிய குழுக்கள் இந்தக் கரகரப்புக்காகத் தனியாகப் பெடல் வாங்கும். எங்களுக்குக் குழாயே கொடுத்தது. அதனால்தான் கவியரசனின் ஐந்தாவது வரியில் ‘பெடல்: தேவைப்படவில்லை’ என்று கொஞ்சம் திமிராகவே எழுதியிருக்கிறேன். குழாயின் வாய் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறதோ அந்தப் பக்கத்து ஊரிலிருந்து ஆள் வந்து, “எங்க கூழ் ஊத்தறாங்க?” என்று விசாரித்துவிட்டுப் போவார்கள்.

4

டிரம்ஸ்: இருநூறு லிட்டர் நீல பிளாஸ்டிக் பீப்பாய் ஒன்று. சட்டிக் கலப்பையில் தேய்ந்துபோய்க் கழற்றிய இரும்புச் சட்டிகள் இரண்டு, சிம்பலுக்குப் பதிலாக. பழைய டிராக்டர் கிளட்ச்சின் ஸ்பிரிங்கில் செய்த கால் மிதி ஒன்று. எல்லாம் ஜெயப்பிரகாஷின் கைவேலை. அவனுடைய அப்பா ஆலைக்குக் கரும்பு ஏற்றும் டிராக்டர் வைத்திருந்தார். ஆலைக்கு எதிரே மூங்கில்துறைப்பட்டில் அவர்களுடைய டிராக்டர் கொட்டகை. ஞாயிற்றுக்கிழமை டிராக்டர் வெளியே நிற்கும், நாங்கள் உள்ளே. அதில் ஒரு சட்டி அடித்தால் ஏழெட்டு நொடி நிற்கும். அந்த அளவுக்கு நிற்கும் சிம்பலை நான் பிறகு எந்தக் கடையிலும் பார்க்கவில்லை.

[குறிப்பு: ஜெயப்பிரகாஷ் என்ற பாத்திரத்தின் மேல் எனக்கே சந்தேகம் உண்டு. உண்மையில் எங்களிடம் இரண்டு டிரம்மர்கள் இருந்தார்கள். முதலாமவன் திருப்பூர் போனதும் அடுத்தவன் வந்தான். கதைக்கு ஆள் ஜாஸ்தி வேண்டாம் என்று இரண்டு பேரையும் பிசைந்து ஒருவனாக்கிவிட்டேன். முதலாமவனின் கை, இரண்டாமவனின் வாய். இருவரும் படித்தால் என்னைச் சும்மா விடமாட்டார்கள். ஆனால் ஷாலினியில் நான் கைவைக்கவில்லை. பெயரைக்கூட மாற்றவில்லை. ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.]

5

மைக்: எங்கள் கடையின் பழைய மைக், தலையில் நசுங்கல் உள்ளது. பாடியது ஷாலினி.

இங்கே ஷாலினியை வர்ணிக்க வேண்டும். “கரும்புத் தோகை போன்ற—” என்று எழுதி அடித்துவிட்டேன். அவளுடைய அம்மா தைலம்மாள் கரும்பு வெட்டும் ஆள். தோகை கிழித்த கைகளோடு வீட்டுக்கு வரும் அம்மாவைப் பார்த்து வளர்ந்தவளிடம் போய்த் தோகையை அழகு என்று சொல்லக் கூடாது. எனவே அவள் செய்ததை மட்டும் சொல்கிறேன். மைக்கை வாயருகே கொண்டுபோனதும் முதலில் முகர்ந்து பார்ப்பாள்.

“நேத்து இதுல யாருடி பேசனது? பொகல போட்ட வாயி.”

“சங்கராபுரத்துல ஒரு நிச்சயதார்த்தம்.”

“பொய் சொல்லாத. இது சாவு வூட்டு மைக்கு. ஊதுவத்தி அடிக்குது.”

பெரும்பாலும் அவள் சொன்னது சரியாக இருக்கும். பிறகு தன் கைக்குட்டையை மைக்கின் தலையில் கட்டிக்கொண்டு பாடுவாள். கண்ணை மூடமாட்டாள், கையை ஆட்டமாட்டாள். எதிரே கொட்டகைத் தகரத்தில் ஒரு துளை இருந்தது. அதைப் பார்த்தபடியே எல்லாப் பாட்டையும் பாடி முடிப்பாள். அந்தக் குரலைப் பற்றி எழுத எனக்கு வரவில்லை. கேட்காத உங்களிடம் எப்படிச் சொல்வது? பாட்டின் முடிவில் அவள் நிறுத்தியதும் எனக்குப் பசிக்கும். இதைவிட நேர்மையாக ஒன்றும் தோன்றவில்லை.

6

ட்யூனர்:

கிழிந்த பாடப் புத்தகத்தில், முதல் கம்பியை இன்ன சுருதியில் வைத்துக்கொள், மற்ற ஐந்தையும் அதிலிருந்து பிடி என்று எழுதியிருந்தது. அந்தச் சுருதிக்கு எங்கே போவது? மூவரிடமும் ஆர்மோனியம் இல்லை, கீபோர்டு இல்லை. இருந்த போன்களில் பாம்பு விளையாட்டுதான் இருந்தது. முதல் மாதம் முழுக்க நான் கம்பியைக் கண்டபடி முறுக்கிக்கொண்டிருந்தேன். ஒரு ஞாயிறு மதியம் சரியாக இரண்டு மணிக்கு எதிரே ஆலைச் சங்கு ஊதியது.

ஷிஃப்டு மாறும்போது ஊதும் சங்கு. சுற்றுவட்டாரத்தில் அதைக் கேட்டுத்தான் உலை வைப்பார்கள், மாட்டை அவிழ்ப்பார்கள். கீழே இருந்து உறுமிக்கொண்டே ஏறும், ஓரிடத்தில் போய் அசையாமல் நிற்கும், பிறகு இறங்கும். அது உச்சியில் நின்ற நேரத்தில் என் முதல் கம்பி தானாக அதிர்ந்தது. நான் தொடவே இல்லை.

“ஏ ஃபரீனு, அந்தக் கம்பிக்கு இதாண்டி சவுண்டு” என்றான் ஜெயப்பிரகாஷ்.

அவ்வளவுதான். அன்று முதல் ‘அரவை’ குழுவின் சுருதி ஆலைச் சங்கின் சுருதி. ஞாயிறு மதியம் ஒன்றே முக்காலுக்குக் கொட்டகையில் கூடுவோம். சங்கு உச்சியில் நிற்கும் பத்து நொடிக்குள் நான் முதல் கம்பியைப் பிடித்துவிட வேண்டும். தவறவிட்டால் அன்றைக்கு அரைகுறைதான். ஆலையில் கரும்பு பிழியும் ‘அரவை’ குழுவுக்குப் பெயராக வந்ததும் அப்படித்தான்.

பிறகு நல்ல போன்கள் வந்தன, அதில் ட்யூனர் வந்தது, இறக்கிக்கொள்ள வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். இறக்கிக்கொண்டிருக்கலாம். அதற்குள் எங்கள் பதினோரு பாட்டும் சங்கின் சுருதியில் ஷாலினியின் தொண்டைக்குள் குடியேறிவிட்டன.

7

அரவை பன்னிரண்டு மாதமும் நடக்காது. கரும்பு தீர்ந்ததும் ஆலை நிற்கும், சங்கும் நிற்கும். [குறிப்பு: ஆலையில் வேலை பார்ப்பவர்கள் இதைப் படித்துவிட்டு, சங்கு வருடம் முழுக்க ஊதும் என்று எனக்கு எழுத வேண்டாம். என் கதையில் நிற்கிறது.]

சங்கு நின்ற முதல் ஞாயிறு நான் திருதிருவென்று விழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஷாலினி தகரத் துளையைப் பார்த்தபடி, வாயைத் திறக்காமல், “ம்ம்” என்றாள். நீளமாக, அசையாமல்.

“இன்னா?”

“சங்கு. இதானே?”

நான் அந்த ம்ம்-க்கு முதல் கம்பியைப் பிடித்தேன். மற்ற ஐந்தையும் பிடித்தேன். பாடிப் பார்த்தோம். எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தது, அல்லது இருந்ததாக நினைத்துக்கொண்டோம். சரிபார்க்க ஒன்றும் இல்லையே. அந்த ஏழு மாதமும் ஒவ்வொரு ஞாயிறும் “ம்ம் குடுடி” என்று கேட்பேன், கொடுப்பாள்.

அந்த மே மாதம் கரியாலூரில் கோடை விழா மேடை கிடைத்தது. கல்வராயன் மலைக்குக் குழாயும் பீப்பாயும் சட்டிகளும் ஏற்றிக்கொண்டு போனோம். மேலே காற்று குளிர்ந்ததும் கம்பிகள் எல்லாம் இடம் மாறிவிட்டன. கீழே ஜனம், ராட்டினத்துச் சத்தம், சுண்டல் விற்கிறவர்களின் கூச்சல். ம்ம் கொடுத்தாள், எனக்குக் கேட்கவில்லை. ஷாலினி கூட்டத்துக்கு முதுகைக் காட்டி நின்று, என் இடது தோளில் முகவாயை வைத்துக்கொண்டு ம்ம் என்றாள். அது காது வழியாக வரவில்லை, தோள் எலும்பு வழியாக வந்தது. நான் கம்பியை முறுக்கினேன். ஆயிரம் பேர் எதிரே நிற்கும்போது ஒரே ஒருத்தி சொல்வதை மட்டும் கேட்டுக்கொண்டு நின்ற அந்த அரை நிமிடம்தான், என் வாழ்க்கையில் எதையாவது திருப்பிக் கொடுக்கிறோம் என்று யாராவது சொன்னால், நான் கேட்டு வாங்கிக்கொள்ளப்போவது.

டிசம்பரில் ஆலை மறுபடி திறந்தது. முதல் ஞாயிறு ஜெயப்பிரகாஷ் கையில் கடிகாரத்தோடு நின்றான்.

“சங்கு ஊதறதுக்கு முன்னாடியே ம்ம் குடு. விடாம இழு. ஏழு மாசமா நீ எங்களுக்குக் குடுத்தது ஒரிஜினலா டூப்ளிகேட்டான்னு இன்னிக்குத் தெரிஞ்சிடும்.”

“தப்பா இருந்தா?” என்றாள் ஷாலினி.

“பதினோரு பாட்டையும் ஒடைச்சிட்டு மறுபடி கட்டணும். வேற இன்னா?”

ஒன்று ஐம்பத்தொன்பதுக்கு அவள் ஆரம்பித்தாள். எதிரே சங்கு உறுமத் தொடங்கியது. ஏறியது. ஏற ஏற அவளுடைய ம்ம்-ஐ நெருங்கி வந்தது. இரண்டும் மோதிக் கரகரக்குமோ என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். சங்கு உச்சியில் போய் நின்றது. ஷாலினியின் குரல் காணாமல் போனது. அவள் நிறுத்திவிட்டாள் என்று நினைத்தேன். கழுத்தைப் பார்த்தால் அதிர்ந்துகொண்டிருந்தது. நிறுத்தவில்லை, சங்குக்குள் இருந்தாள். சங்கு இறங்கத் தொடங்கியதும் அவளுடைய ம்ம் அதே இடத்தில் தனியாக நின்றது.

ஜெயப்பிரகாஷ் போய் நீண்ட நேரம் நிற்கும் அந்தச் சட்டியை ஓங்கி ஒரு அடி அடித்தான். மூன்று பேரும் சிரித்த சிரிப்பில் வெளியே கரும்பு வண்டிக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

(கதையை இங்கே முடித்துவிடலாம். இதற்குமேல் நீங்கள் படிக்காமல் இருந்தாலும் எனக்கு வருத்தமில்லை. இதுவரை நான் நல்லவள்.)

8

2016-இல் சென்னையில் ஓர் ஒலிப்பதிவுக் கூடம் கிடைத்தது. ஒரு பாட்டு, ஒரு நாள். அங்கிருந்த ஒலிப்பதிவாளரை நான் வில்லனாக்கி மூன்று பக்கம் எழுதினேன். கிழித்துப் போட்டுவிட்டேன். அவர் நல்ல மனிதர், எங்களுக்குப் பிஸ்கட் கொடுத்தார்.

ஷாலினியும் ஜெயப்பிரகாஷும் டீ குடிக்க வெளியே போயிருந்தார்கள். நான் கிட்டாரைச் செருகி ஒரு தடவை மீட்டினேன். அவர் திரையைப் பார்த்தார்.

“நாற்பது சென்ட் கீழ இருக்கே. எதை வச்சு ட்யூன் பண்றீங்க?”

எங்கள் பக்கம் நாற்பது சென்ட் என்றால் ஒரு சின்னக் கொல்லை. அவர் சொன்னது வேறு. ஒரு சுரத்துக்கும் அடுத்த சுரத்துக்கும் நடுவே நூறு பங்கு வைத்தால் நாங்கள் நாற்பது பங்கு தள்ளி நிற்கிறோம். உலகத்தில் எந்த ஆர்மோனியத்திலும் எந்தப் பியானோவிலும் இல்லாத ஒரு சந்தில் நான்கு வருடமாகக் குடித்தனம் நடத்தியிருக்கிறோம்.

எதை வைத்து ட்யூன் பண்ணுகிறோம் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சுற்றிலும் கறுப்புப் பஞ்சு ஒட்டிய சுவர், கண்ணாடி, நான் பெயர்கூடக் கேட்டிராத மைக்குகள். அங்கே நின்றுகொண்டு சர்க்கரை ஆலைச் சங்கு என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது.

“சும்மா, காதால சார்” என்றேன்.

“அதான்” என்று சிரித்துவிட்டுத் தன் ட்யூனரைக் கொடுத்தார். நான் ஆறு கம்பிகளையும் நாற்பது பங்கு மேலே ஏற்றினேன். டீ குடித்துவிட்டு வந்த இருவரிடமும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய விஷயமாக அப்போது தோன்றவில்லை என்று எழுதினால் அது இந்தக் கதையின் முதல் பொய். தோன்றியது. அவள் எப்படியும் சேர்ந்துகொள்வாள் என்று நினைத்தேன். எல்லாப் பாடகர்களும் சேர்ந்துகொள்வார்கள். ஷாலினி முதல் வரியில் சேர்ந்துகொள்வாள், இரண்டாவது வரியில் தன் இடத்துக்குத் திரும்பிப் போய்விடுவாள். அங்கேதான் அந்தப் பாட்டு இருந்தது.

“சுருதி விலகுதும்மா” என்றார் அவர், கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து, தன்மையாக. பதினேழு தடவை பாடினாள். பதினேழு தடவையும் சரியான இடத்தில் நின்றாள். நகர்ந்து போனது நான்.

“பரவால்ல, மெஷின்ல தூக்கி வச்சுக்கலாம்” என்று அவளுடைய குரலை நாற்பது பங்கு மேலே ஏற்றிப் போட்டுக் காட்டினார். ஷாலினி ஹெட்போனைக் கழற்றினாள்.

“இது நான் இல்லடி.”

நான் கிட்டாரின் ஒயரைச் சுருட்டத் தொடங்கினேன்.

“ஆனா இதான் கரெக்ட்டா?”

“ஆமா. இதான் கரெக்ட்டு” என்றேன்.

எதை வைத்து ட்யூன் பண்ணுகிறோம் என்று சொல்லியிருந்தால் அவர் சிரித்திருக்கமாட்டார் என்று இப்போது தோன்றுகிறது. “அப்படியா!” என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து கதை கேட்டிருப்பார். பாட்டு முழுவதையும் சங்கின் சுருதியிலேயே வைத்திருப்பார். அவருக்கு அதில் ஒரு கஷ்டமும் இல்லை.

9

திரும்பும் பேருந்தில் திண்டிவனம் தாண்டியதும் ஷாலினி கேட்டாள்:

“அப்ப இத்தினி வருசமா நான் சுருதி இல்லாமத்தான் பாடிக்கினு இருந்தனா? நீங்க ரெண்டு பேரும் கேட்டுக்கினு சும்மா இருந்தீங்களா?”

ஜெயப்பிரகாஷ் தூங்கிக்கொண்டிருந்தான். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு சண்டை வந்தது என்று எழுதினால் கதைக்கு நன்றாக இருக்கும். வரவில்லை. அவள் ஞாயிறுகளுக்கு வருவது குறைந்தது, நர்சிங் படிக்கப் போனாள். இப்போது கரியாலூரில் நர்ஸ். பொங்கலுக்கும் ரம்ஜானுக்கும் எனக்கு வாழ்த்து அனுப்புகிறாள். அவள் என்மேல் கோபமாக இருந்திருந்தால் நான் இதை எழுதியிருக்கவேமாட்டேன்.

போன வருடம் ஒரு விழாவுக்கு ஸ்பீக்கர் கட்ட மலைக்குப் போனபோது அவளைப் போய்ப் பார்த்தேன். குழந்தைகளுக்குத் தடுப்பூசி நாள். வரிசையில் ஒரு குழந்தை அடங்காமல் அழுதது. அதன் அம்மா, “நீங்க எதுனா பாடுங்க சிஸ்டர், நிறுத்துவான்” என்றாள். ஷாலினி சிரித்துக்கொண்டே குழந்தையின் தொடையைப் பஞ்சால் துடைத்தாள்.

“நான் பாடனா ஜாஸ்தியாத்தாம்மா அழுவான். எனக்கு சுருதியே நிக்காது.”

நான் இரண்டடி தள்ளி, அவள் வாங்கிக் கொடுத்த டீயோடு நின்றுகொண்டிருந்தேன். டீயைக் குடித்து முடித்தேன். நல்ல டீ.

10

கவியரசனின் மின்னஞ்சல் வந்த பிறகு ஜெயப்பிரகாஷைக் கூப்பிட்டேன். (இரண்டு பேரில் வாயுள்ளவனை.) இப்போது கரும்பு வெட்டும் இயந்திரம் ஓட்டுகிறான். எல்லாவற்றையும் சொன்னேன். இயந்திரத்தை அணைத்துவிட்டான்.

“அன்னிக்கே சொல்லியிருக்கலாமேடி. டீக்கடைலருந்து வந்ததும் ஒரு வார்த்த. நான் பீப்பாய உருட்டிக்கினு ஊருக்கு வந்திருப்பேன்.”

“தெரியும்.”

“எட்டு வருசம். அந்தப் பொண்ணு தனக்குப் பாட வராதுன்னு நெனச்சிக்கினு கீது.”

“தெரியும்டா.”

“இன்னா பண்ணப் போற?”

“கதை எழுதிக்கிட்டு இருக்கேன்.”

“எழுது, நல்லா எழுது” என்றான். வைக்கப் போனவன் மறுபடி பேசினான். “இன்னொண்ணு தெரியுமா? அந்தச் சங்க மாத்திட்டாங்க. ரெண்டு வருசம் ஆவுது. இப்ப இருக்கறது வேற மாரி கத்துது.”

நம்பாமல் நானே ஒரு ஞாயிறு மூங்கில்துறைப்பட்டுக்கு வண்டியை எடுத்துக்கொண்டு போனேன், கிட்டாரோடு. கொட்டகை வாசலில் உட்கார்ந்து இரண்டு மணிக்குக் காத்திருந்தேன். புதுச் சங்கு ஏறி நின்றது. என் கம்பி அதிரவில்லை.

எங்களிடம் பழைய ஒலிப்பதிவு ஒன்றுகூட இல்லை. இருப்பது அந்த ஒரே பாட்டு, அதில் எல்லாம் நாற்பது பங்கு ஏற்றியது. ஆக, பழைய சங்கு இந்த உலகத்தில் ஒரே ஓர் இடத்தில்தான் மிச்சமிருக்கிறது, அந்த இடத்தின் சொந்தக்காரி அதைப் பிழை என்று நினைத்து வாயை மூடிக்கொண்டிருக்கிறாள்.

11

முடிவுகள் மூன்று எழுதினேன்.

முதல் முடிவு: நான் மலைக்குப் போய்ச் சொல்கிறேன். ஷாலினி என்னை அருவிக்கரைக்கு அழைத்துப் போகிறாள். தண்ணீர் இரைச்சலுக்கு நடுவே, எட்டு வருடத்துக்குப் பிறகு, அவள் வாய் திறந்து—

அருவியை யாரும் எனக்காக இப்படி வேலை வாங்க வேண்டாம். அடித்துவிட்டேன்.

இரண்டாவது: கேட்டதும் என்னை ஓங்கி ஓர் அறை அறைகிறாள். இது எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது, மூன்று தடவை திருத்தி எழுதினேன். அப்புறம்தான் உறைத்தது. அறை வாங்கிக்கொண்டால் எனக்குத் தீர்ந்துவிடும். அவளுக்கு என்ன தீரும்?

மூன்றாவது: “எனக்கு அன்னிக்கே தெரியும்டி” என்கிறாள். இது மூன்றிலும் மோசம். அப்படியானால் நான் செய்தது ஒன்றுமேயில்லை என்று ஆகிவிடும். தடுப்பூசி நாளில் அவள் சிரித்ததை நான் பார்த்தேன். அவளுக்குத் தெரியாது.

போனை எடுத்துச் சொல்லிவிடேன் என்று கேட்பீர்கள். ஜெயப்பிரகாஷும் அதைத்தான் கேட்டான். சொன்னால் அவள் முதல் வாக்கியத்திலேயே, “வுடுடி, அதுக்கென்ன இப்ப” என்று மன்னித்துவிடுவாள். மீதியைக் கேட்கமாட்டாள். நாற்பது சென்ட், டீக்கடை, காதால சார், பதினேழு தடவையும் நீதான் சரி என்பது எதுவும் அவள் காதுக்குள் போகாது. எனக்கு மன்னிப்பு கிடைத்துவிடும், அவளுக்குப் பாட்டு கிடைக்காது. அவள் இதை மெதுவாக, ஒரு வரி விடாமல், நடுவில் என்னைச் சமாதானப்படுத்த வழியில்லாமல் படிக்க வேண்டும். அதனால்தான் கதை. அதனால்தான் பெயரை மாற்றவில்லை.

(நான் கோழை என்பதும் ஒரு காரணம். அதையும் எழுதிவிடுகிறேன், பிறகு யாரும் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டாம்.)

12

இன்று காலை கவியரசனுக்குப் படிவத்தை அனுப்பிவிட்டேன். ஆறாவது வரி இப்படி இருக்கிறது:

ட்யூனர்: மூங்கில்துறைப்பட்டு ஆலையின் பழைய சங்கு (அரவைக் காலத்தில்). ஷாலினி (மற்ற எல்லா நாளும்).

ஒரு மணி நேரத்தில் பதில் வந்தது. “மேடம், இது ஜோக்கா, நிஜமா? நிஜம்னா அப்படியே போட்டுடறேன்.” நிஜம் என்று எழுதினேன்.

இந்தக் கதையை நான் முடிக்கப்போவதில்லை. கல்வராயன் மலைக்கு இது அச்சாகும் புத்தகம் தானாக ஏறிப் போகாது. ஆனால் நீங்கள் போவீர்கள். கோடைக்கோ அருவிக்கோ, பிள்ளைகளை அழைத்துக்கொண்டு ஒருநாள் போவீர்கள். கரியாலூரில் யாராவது கல்லில் வழுக்கி முட்டியைச் சிராய்த்துக்கொள்வார்கள், மருந்து போட நர்ஸிடம்தான் போக வேண்டும். அப்போது இதை அவள் கையில் கொடுப்பதா, இல்லை, அடுத்தவர் விவகாரம் நமக்கெதற்கு என்று வண்டியேறுவதா என்பதை உங்களிடம் விட்டுவிடுகிறேன். எட்டு வருடம் பேசாமல் இருந்த நான் உங்களைக் குறை சொல்ல முடியாது.

ஷாலினி, நீ படித்துவிட்டால், என் எண் மாறவில்லை. கூப்பிட்டால் பேச வேண்டாம். திட்டவும் வேண்டாம், வுடுடி என்று தயவுசெய்து சொல்லிவிடாதே. கிட்டாரின் ஆறு கம்பிகளையும் தளர்த்திக் கடை மேசையில் வைத்திருக்கிறேன். அத்தா இரண்டு தடவை கேட்டுவிட்டார், “இன்னாமா இது, வாசிக்கவும் மாட்ற, எடுத்து வெக்கவும் மாட்ற” என்று. போனைக் காதில் வைக்கமாட்டேன், இடது தோளில் வைத்துக்கொள்வேன். நீ ம்ம் கொடு. நான் முதல் கம்பியைப் பிடித்துக்கொள்கிறேன்.